கொடைக்கானல் விடுமுறை உரிமையை ‘விற்றுத் தரும்’ தொலைபேசிச் சேவை

கொடைக்கானல் விடுதி ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை 25 ஆண்டுகளுக்கு வாங்கி வைத்திருக்கும் என் அண்ணனை, அந்த உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருவதாக ஒரு நிறுவனம் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தது. மதுரை கே.கே. நகர் வீட்டில் அவருடன் அமர்ந்து அந்த அழைப்புகளைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இச்சேவைக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தர இயலாது.

பேசிய பெண், அண்ணனின் உறுப்பினர் எண்ணையும் வாங்கிய ஆண்டையும் சரியாகச் சொன்னதால்தான் அண்ணனுக்கு நம்பிக்கை வந்தது. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டியே தீரவேண்டிய நிலையில், மூட்டுவலியால் மலைக்குப் போக முடியாமல், விற்றால் போதும் என்றிருப்பவரிடம் வாங்கிய விலையைப்போல் இரு மடங்கு தர ஆள் இருக்கிறது என்றால் மனம் இளகத்தான் செய்யும். இத்தகைய உரிமைகள் மறுவிற்பனையில் பெரும்பாலும் வாங்கிய விலையை எட்டுவதில்லை என்பதைப் பற்றி அவர்கள் மூச்சுவிடவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த ஒப்பந்தத்தின் மேலே அசோகச் சின்னமும் கீழே வட்ட முத்திரையும் இருந்தன. வாங்குபவரின் பெயர் இருந்தது, முகவரி இல்லை. தடையின்மைச் சான்றுக்கு ஒரு தொகையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் முன்கூட்டியே கட்ட வேண்டும், விற்பனை முடிந்ததும் அவை திருப்பித் தரப்படும் என்று எழுதியிருந்தது. ஆனால் குறிப்பிட்டிருந்ததோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. ஜிஎஸ்டி என்பது சேவை வழங்குபவர் பில் போட்டு வசூலித்து அரசுக்குச் செலுத்துவது. தன் உரிமையை விற்கப்போகும் ஒருவர் முன்பின் தெரியாதவர் கணக்கில் கட்டவேண்டிய வரி எதுவும் இல்லை. கட்டணத்தை விற்பனைத் தொகையிலேயே கழித்துக்கொள்ளுமாறு அண்ணன் சொன்னதும், அதுவரை இருந்த மரியாதை போய், மாலைக்குள் கட்டாவிட்டால் வாங்குபவர் விலகிவிடுவார் என்ற மிரட்டல் தொடங்கியது. நாங்கள் கட்டவில்லை.

மெக்சிகோவில் இத்தகைய உரிமை வைத்திருக்கும் அமெரிக்கர்களைப் போதைப்பொருள் கும்பல்களே இதே வழியில் ஏமாற்றுவதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2024இல் எச்சரித்தது.

பணம் கட்டிவிட்டவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறிவிடும். இழந்ததை மீட்டுத் தருவதாகப் பின்னர் வரும் அழைப்பையும் நம்ப வேண்டாம். பணம் இழக்காதவர்கள், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கென உள்ள சக்ஷு பகுதியில், அழைப்பு வந்த எண்ணைத் தெரிவிக்கலாம், நாங்கள் தெரிவித்தோம். உண்மையிலேயே விற்க விரும்புவோர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர் மாற்ற விதியைப் படித்துவிட்டு விடுதி நிறுவனத்திடமே எழுத்து மூலம் கேட்பது நல்லது. அண்ணனும் இப்போது அவ்வாறே கடிதம் அனுப்பியிருக்கிறார்.