டீலர்ஷிப்பில் பிக்கப் டிரக்கை உயர்த்த எவ்வளவு ஆகிறது: ஒரு விலைப்பட்டியலின் விமர்சனம்

டாலஸ் நகரின் வடக்குப் புறநகரில் உள்ள ஒரு டீலர்ஷிப்பில் என்னுடைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கை நான்கு அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர்களைப் பொருத்திக்கொண்டேன். விற்பனை வரி நீங்கலாக 9,820 டாலர் ஆயிற்று. வேலை நன்றாக அமைந்திருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் அதில் ஒரு பகுதிக்கு நியாயம் இருக்கிறது. அந்த விலையை அவர்கள் முதலில் சொன்ன விதத்தில்தான் எனக்குக் கடுமையான குறை உண்டு. அமெரிக்காவில் டிரக் வைத்திருக்கும் தமிழர்கள் பலர் இந்தச் செலவைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள் என்பதால், எது எதற்காகப் பணம் போகிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உயர்த்துவது என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த ஒரே பெயரில் நூறு டாலர் வேலையும் உண்டு, பத்தாயிரம் டாலர் வேலையும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் டிரக்குகள் பின்புறம் சற்று உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருக்கும். சுமை ஏற்றும்போது பின்புறம் அமுங்கிச் சமமாக வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. முன்புறத்தை மட்டும் ஏறத்தாழ இரண்டு அங்குலம் தூக்கி அந்தச் சாய்வைப் போக்குவது லெவலிங் கிட். ஃபிரேம் எனப்படும் அடிச்சட்டத்துக்கும் மேலுடலுக்கும் இடையே கட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்குவது பாடி லிஃப்ட். சக்கரங்களை ஃபிரேமோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனையே மாற்றி, முன்பக்க டிஃபரென்ஷியலை (இன்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியை) கீழே இறக்கிக் கட்டுவதற்கான தாங்கிகள், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள்கள் புதிதாக, அதிர்வைத் தணிக்கும் நீளமான ஷாக்குகள், பின்பக்க லீஃப் ஸ்ப்ரிங்கின் (பட்டை வில்லின்) அடியில் கட்டைகள், அவற்றுக்கேற்ற நீண்ட யூ-போல்ட்டுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து நான்கு அல்லது ஆறு அங்குலம் தூக்குவதுதான் முழுமையான சஸ்பென்ஷன் லிஃப்ட். நான் செய்துகொண்டது இந்த மூன்றாவது வகை.

ஆறு அங்குலம் வேண்டாம், நான்கு போதும் என்று நான் நின்றதற்குக் காரணம் வீட்டின் கார் ஷெட். இந்த டிரக் சாதாரணமாகவே சுமார் 77 அங்குல உயரம். 32 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 அங்குல டயர் போட்டால் அதில் பாதி வித்தியாசம், அதாவது ஒன்றரை அங்குலம் கூடும். அதோடு ஆறு அங்குல லிஃப்டும் சேர்ந்தால் 84.5 அங்குலம் ஆகிவிடும். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஷெட் கதவின் உயரம் ஏழு அடி, அதாவது 84 அங்குலம். விற்பனைப் பிரதிநிதி ஆறு அங்குலத்தையே வலியுறுத்தினார். என் வீட்டுக் கதவு எவ்வளவு உயரம் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டிரக்கை உயர்த்த வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி விலைக்கு வருகிறேன். தொடக்கத்தில் எனக்குச் சொல்லப்பட்டது 11,900 டாலர் என்ற ஒற்றைத் தொகை. 'பேக்கேஜ்' என்றார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதை எழுதித் தரவில்லை. உதிரிப்பாகம், கூலி, டயர், ரிம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதித் தந்தால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று சொன்ன பிறகு பட்டியல் வந்தது. அதில் டயர்களுக்கு நைட்ரஜன் நிரப்புதல், பக்கவாட்டு ஸ்டிக்கர்கள், சக்கர வளைவுகளுக்கான பிளாஸ்டிக் விளிம்புகள், பேக்கேஜ் கட்டணம் என்று டிரக்கை ஒரு நூல்கூட உயர்த்தாத செலவுகள் 2,080 டாலருக்கு இருந்தன. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். சாலையில் ஓடும் ஒரு பிக்கப்புக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்து நிரப்புவதால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. அவை அனைத்தையும் நீக்கச் சொன்னேன். மறுப்பேதும் இல்லாமல் நீக்கினார்கள். மறுப்பில்லாமல் நீக்கக்கூடிய ஒன்றை முதலில் சொல்லாமலே சேர்த்திருந்ததுதான் இந்த நிறுவனத்தின் மீது எனக்குள்ள முதன்மையான வருத்தம்.

மிஞ்சிய 9,820 டாலர் இப்படிப் பிரிந்தது. லிஃப்ட் பாகங்கள் அடங்கிய கிட் 3,400, பன்னிரண்டு மணி நேரக் கூலி, மணிக்கு 195 டாலர் வீதம் 2,340, நான்கு ரிம்கள் 1,600, நான்கு டயர்கள் 1,800, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் 180, உயரம் மாறியதால் டிரக்கின் பாதுகாப்பு உதவிக் கேமராவையும் ரேடாரையும் மீண்டும் சீரமைக்க 350, பட்டறைச் சில்லறைப் பொருட்கள் 150. இதே கிட்டையும் இதே அளவு டயர்களையும் வைத்து, லிஃப்ட் வேலையை மட்டுமே செய்யும் ஒரு தனியார் பட்டறையிலும் விலை கேட்டிருந்தேன். அங்கே கிட் 2,700, மணிக்கு 130 டாலர் வீதம் அதே பன்னிரண்டு மணிநேரத்துக்கு 1,560, ரிம்களும் டயர்களும் சேர்த்து 3,000, அலைன்மென்ட் 120. கேமரா, ரேடார் சீரமைப்புக்கு அவர்களிடம் கருவி இல்லாததால் அதை டீலரிடமே 350 கொடுத்துச் செய்துகொள்ளச் சொன்னார்கள். மொத்தம் 7,730. ஆக, இரண்டுக்கும் இடையில் 2,090 டாலர் வித்தியாசம்.

இந்த 2,090 டாலருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்தச் சேவையை எடைபோடுவதற்கான உண்மையான கேள்வி. போல்ட்டை முறுக்குவதில் டீலர்ஷிப் மெக்கானிக் தனிப் பட்டறைக்காரரைவிடத் தேர்ந்தவர் என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், நாள் முழுவதும் லிஃப்ட் வேலையையே செய்கிறவருக்குத்தான் கை பழகியிருக்கும். கிடைப்பது, பின்னால் ஏதாவது பழுதானால் பொறுப்பேற்க ஒரே இடம் இருக்கிறது என்ற உறுதி. முன் ஆக்சிலிலோ ஸ்டீயரிங்கிலோ சத்தம் வந்தால், பட்டறைக்காரர் தயாரிப்பாளரைக் கைகாட்டுவார். டீலர் பட்டறைக்காரரைக் கைகாட்டுவார். நடுவில் டிரக்காரர் அலைவார். இங்கே பொருத்தியவரும் வாரண்டி வேலை பார்க்கிறவரும் ஒருவரே என்பதால் அந்த அலைச்சல் குறைகிறது.

வாரண்டியைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். வெளியே லிஃப்ட் செய்தால் முழு வாரண்டியும் போய்விடும் என்று என்னிடமும் விற்பனைக்கூடத்தில் சொன்னார்கள். அது உண்மையல்ல. 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, வெளிப் பாகம் ஒன்றைப் பொருத்தியதற்காகவே தயாரிப்பாளர் வாரண்டியை ரத்து செய்ய முடியாது; அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டினால் மட்டுமே அந்தப் பழுதுக்கான பொறுப்பை மறுக்கலாம். லிஃப்ட் செய்த டிரக்கில் ரேடியோ பழுதானால் மறுக்க வழியில்லை. ஆனால் சிவி ஆக்சில் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டு), சக்கரப் பேரிங் போன்றவை தேய்ந்தால் கனத்த டயர்களையும் மாறிய கோணங்களையும் காரணம் காட்டுவது எளிது. டீலர் பொருத்தினாலும் இந்த நிலை தானாக மாறிவிடாது. டீலர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே செல்லுபடியாகும். எனக்குக் கிடைத்த காகிதத்தில் கிட்டின் பாகங்களுக்கும் பொருத்திய கூலிக்கும் 3 ஆண்டுகள் அல்லது 36,000 மைல் என்று இருந்தது. பால் ஜாயின்ட், ஆக்சில் ஆகியவற்றின் பெயர்களையும் அதில் எழுதிச் சேர்க்கச் சொல்லி வாங்கினேன். அந்த ஒரு வரி எழுதப்படாமல் இருந்திருந்தால் தனியார் பட்டறைக்கே போயிருப்பேன்.

டீலர்ஷிப்பின் விலை கூடுவதற்குச் சட்டத்தின் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. வாகனத்தின் பாதுகாப்பு அமைப்பு எதையும் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்று டீலர்களையும் பட்டறைகளையும் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வழுக்கும்போது டிரக் புரண்டுவிடாமல் காக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 2012 மாடல் ஆண்டிலிருந்து இலகுரக வாகனங்கள் எல்லாவற்றிலும் கட்டாயம். உயரம் கூடக்கூட எடை மையம் மேலேறுவதால், அந்த அமைப்பு சரியாக இயங்குகிறது என்று சோதிக்கப்பட்ட கிட்களையே கவனமுள்ள டீலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவை மலிவு வகையில் பெரும்பாலும் இருப்பதில்லை. சந்தையில் ஆறு அங்குல கிட் 1,500 டாலரிலும் கிடைக்கிறது, 4,000 டாலரிலும் கிடைக்கிறது. அந்த வேறுபாட்டில் ஷாக்குகளின் தரத்துக்கும் இந்தச் சோதனைக்கும் பங்குண்டு. இந்த டீலர்ஷிப்பில் சோதனைச் சான்றைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். இது பாராட்டத்தக்கது.

வேலையின் தரத்தைப் பொறுத்தவரை, கீழே படுத்துப் பார்த்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. பிரேக் குழாய்கள் இழுபடாமல் புதிய தாங்கிகளில் கட்டப்பட்டிருக்கின்றன. கிட்டைப் பொருத்துவதற்காக வெட்டிய இடங்களில் துருவைத் தடுக்கப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. 500 மைல் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது இத்தகைய கிட்களின் பொதுவான விதி. அதை அவர்களே நினைவூட்டி அழைத்து, கட்டணமின்றிச் செய்து தந்தார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டார்கள். முன்புறம் உயர்ந்ததும் ஹெட்லைட்டின் ஒளியும் மேலே ஏறிவிடும். அதைத் தாழ்த்திச் சரிசெய்யாமலே டிரக்கைக் கொடுத்துவிட்டதால், இரவில் எதிரே வந்தவர்கள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே போனார்கள். வேகமானியையும் சரிசெய்திருக்கவில்லை. 32 அங்குல டயருக்குக் கணக்கிடப்பட்ட மானி, 35 அங்குல டயரில் 60 மைல் என்று காட்டும்போது உண்மையான வேகம் 65-ஐத் தாண்டிவிடும். மைல் கணக்கும் அதே அளவு குறைவாகப் பதிவாகும். கேட்டதும் இரண்டையும் இலவசமாகச் சரிசெய்தார்கள் என்றாலும், பத்தாயிரம் டாலருக்கு அருகில் வாங்கும் இடத்தில் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பட்டியலில் வராத செலவுகளையும் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய ரிம்களும் டயர்களும் ஏறக்குறைய புதியவை. அவற்றை விற்றால் பல நூறு டாலர் கிடைக்கும். பேக்கேஜ் விலை பேசும்போது அவற்றைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அவை டீலரிடமே தங்கியிருக்கும். புதிய டயருக்கு ஏற்ற ஸ்பேர் டயர் விலையில் அடங்கவில்லை. எரிபொருள் செலவு கூடுகிறது. டயர் பெரிதானதால் இழுவை மந்தமாகிறது. டிரெய்லர் இழுப்பவர்கள் ஆக்சில் கியர் விகிதத்தையும் மாற்ற நேரிடும், அதற்கு மேலும் ஓரிரு ஆயிரம் டாலர் ஆகும். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றங்களைத் தெரிவித்து அவற்றுக்கான தனிக் காப்பைச் சேர்க்காவிட்டால், விபத்தில் லிஃப்டுக்கான தொகை கிடைக்காமல் போகலாம்.

இந்தத் தொகையை டிரக் கடனோடு சேர்த்துவிடலாம் என்று டீலர்ஷிப்பின் நிதிப் பிரிவில் சொன்னார்கள். புது டிரக் வாங்கும்போதே லிஃப்டையும் சேர்ப்பவர்களிடம் மாதத் தவணையை மட்டும் சொல்லித்தான் பெரும்பாலும் பேச்சை முடிக்கிறார்கள். 10,000 டாலரை 8 சதவீத வட்டியில் 72 மாதங்களுக்குக் கட்டினால் மாதம் சுமார் 175 டாலர். முடிவில் 12,600 டாலருக்கு மேல் கட்டியிருப்போம். அந்த டயர்கள் அதற்குள் தேய்ந்து, அடுத்த செட்டும் வாங்கியிருப்போம். ரொக்கமாகக் கொடுக்க முடியாத நிலையில் லெவலிங் கிட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நகரச் சாலையில் தோற்றம் மட்டுமே வேண்டியவருக்கு அதுவே போதும். செவர்லே சில்வராடோ டிரெயில் பாஸ் போலத் தொழிற்சாலையிலேயே இரண்டு அங்குலம் உயர்த்தி வரும் மாடல்களையும் பார்க்கலாம். அவற்றில் வாரண்டித் தகராறுக்கே இடமில்லை.

நான் ஏன் இவ்வளவு செலவழித்தேன் என்று கேட்கலாம். டாலஸுக்குக் கிழக்கே நண்பர்களுடன் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்துக்குப் போகும் பாதை கருப்பு களிமண். மழை பெய்தால் நம் ஊர்க் கரிசல் காடு மாதிரி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் பின்பக்க ஆக்சில் தரையிலிருந்து உயர்வதில்லை. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. டிரக்கின் மிகத் தாழ்ந்த புள்ளியான பின் டிஃபரென்ஷியலின் கீழே எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது அந்த ஒன்றரை அங்குலம்தான். மீதி உயரமெல்லாம் அந்த டயர் உரசாமல் சுழல இடம் தருவதற்கும், ஃபிரேமும் முன்பக்கமும் சேற்றுத் தடத்தின் நடுமேட்டில் தட்டாமல் இருப்பதற்கும் பயன்படுகிறது. என் பாதைக்கு அது தேவைப்பட்டது. சென்ற மழைக்காலத்தில் நடுமேட்டில் தட்டி நின்ற இடத்தை இந்த மழைக்காலத்தில் நிற்காமல் கடந்தேன்.

இந்த டீலர்ஷிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். முதல் தொகையிலேயே பட்டியலை முழுதாகக் கொடுத்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள், கையெழுத்திடும் முன் பழைய ரிம்களும் டயர்களும் யாருக்கு என்பதையும், வேகமானி, ஹெட்லைட் சீரமைப்பு கூலியில் அடங்குமா என்பதையும், வாரண்டிக் காகிதத்தில் பால் ஜாயின்ட்டும் ஆக்சிலும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கேட்டு வாங்குங்கள். சில கிட்களைப் பொருத்தும்போது அடியிலுள்ள தாங்கிகளின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படி வெட்டினால் டிரக்கைப் பழைய உயரத்துக்குத் திருப்புவது மிகவும் கடினம் என்பதால், தேர்ந்தெடுத்த கிட்டுக்கு வெட்டும் வேலை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.