ஸ்பானிஷ் பேசும் வீட்டு ஏஜென்ட்: எந்த வழி தேறும், எது தேறாது

ஹூஸ்டனில் எந்தத் தெருவில் வண்டியைத் திருப்பினாலும் ஒரு ரியல் எஸ்டேட் போர்டு கண்ணில் படும், அதன் கீழ்மூலையில் 'செ ஆப்லா எஸ்பான்யோல்' என்று எழுதியிருக்கும். இங்கே ஸ்பானிஷ் பேசுவோம் என்று பொருள். யார் பேசுவார், எதைப் பற்றிப் பேசுவார், எதுவரைக்கும் பேசுவார் என்பது போர்டில் இருக்காது. அது தெரியவரும்போது கையெழுத்துப் போட்டு முடித்திருப்போம்.

என் நண்பர் ஒருவர் ஏசி மெக்கானிக், சொந்த ஊர் மெக்ஸிகோவில் குவானஹுவாத்தோ பக்கம். 2019-ல் இங்கே முதல் வீடு வாங்கினார், 2025-ல் அதை விற்று வேறு வாங்கினார். இரண்டு தடவையும் நான் கூடவே அலைந்தேன். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறைதான், ஆனால் ஏற்கெனவே ஒரு வீடு வாங்கிச் சூடுபட்டவன் என்ற தகுதி உண்டு. அவரும் அவருடைய சொந்தக்காரர்களும் போய்ப் பார்த்த வழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு எழுதுகிறேன். இதெல்லாம் டெக்ஸஸ் கணக்கு, மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும்.

முதலில், நிறையப் பேர் போகும் வழி: ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஏஜென்ட், மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளை. 2019-ல் நண்பர் இதைத்தான் செய்தார். மகளுக்கு அப்போது 13 வயது, கெட்டிக்காரப் பெண். இங்கே ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியட் என்று ஒன்று உண்டு. ஒரு சிறு தொகை கட்டினால் சில நாள், பெரும்பாலும் 5 முதல் 10 நாள், காரணமே சொல்லாமல் பின்வாங்கும் உரிமை கிடைக்கும், கடைசி நாள் மாலை 5 மணியோடு அந்த உரிமை முடிந்துவிடும். அந்தப் பெண் அதை 'ஒப்சியோன்' என்று சொன்னாள், அகராதிப்படி நூற்றுக்கு நூறு சரி. அப்பாவோ 'வேண்டாமென்றால் விட்டுவிடலாம்' என்று புரிந்துகொண்டார், அதற்கு ஒரு கெடு இருக்கிறது என்பது அவர் காதில் விழவே இல்லை. இன்ஸ்பெக்டர் அஸ்திவாரத்தில் விரிசல் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இந்த ஊர்க் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவது, அதனால் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மச்சானைக் கூட்டிவந்து காட்டி, இரண்டு நாள் யோசித்து, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச்செடுத்தபோது கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. இனி பின்வாங்கினால் எர்னஸ்ட் மணி, அதாவது ஒப்பந்தத்துக்கு அச்சாரமாகக் கட்டிய பணம், போய்விடும். வேறு வழியில்லாமல் வாங்கினார், அஸ்திவாரச் செலவு அவர் தலையில். ஏஜென்ட் கெடுவை மின்னஞ்சலில் அனுப்பித்தான் இருந்தார், ஆங்கிலத்தில். தன்னால்தான் அப்பாவுக்கு நஷ்டம் என்று அந்தப் பெண் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு அதுதான் பணத்தைவிடப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

இரண்டாவது, பெரிய ஏஜென்ட் டீம். போர்டில் ஸ்பானிஷ் இருக்கும், போன் எடுக்கும் பெண் அருமையாகப் பேசுவார், வீடு பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பார். ஆனால் உரிமம் இருப்பது டீம் தலைவருக்கு, அவருக்கு ஸ்பானிஷ் வராது. உரிமம் இல்லாத உதவியாளர் நமக்காகப் பேரம் பேசக் கூடாது என்பது விதி. ஆகவே நமக்கு மொழி எப்போது அவசியமோ, அதாவது விலை பேசும்போதும் ரிப்பேர் கேட்கும்போதும், சரியாக அப்போது மொழி கைவிட்டுவிடும். இதைவிட அந்த 13 வயதுப் பெண்ணே மேல் என்பேன். ஒன்று செய்யலாம்: போனில் பேசியவரின் பெயரை டெக்ஸஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா, எந்த புரோக்கருக்குக் கீழே (இங்கே ஏஜென்ட் ஒவ்வொருவரும் ஒரு புரோக்கரின் பொறுப்பில்தான் வேலை செய்வார்) என்று வந்துவிடும்.

மூன்றாவது, கம்பாத்ரே. பிள்ளையின் ஞானத்தகப்பனை அப்படிக் கூப்பிடுவார்கள், கிட்டத்தட்ட சம்பந்தி மாதிரி ஒட்டுறவு. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கம்பாத்ரே பகுதிநேரமாக வீடு விற்கிறார். (சிரிக்காதீர்கள், ஹூஸ்டன் புறநகர்களான கேட்டியிலும் ஷுகர்லேண்டிலும் நம் ஆட்கள் வாட்ஸப் குரூப்பில் ஏஜென்ட் பிடிப்பதும் இதே கதைதான்.) மொழிப் பிரச்சினை துளியும் கிடையாது. பிரச்சினை, அவரிடம் எதையும் கேட்க முடியாது. 180 மணி நேரப் படிப்பும் ஒரு தேர்வும் முடித்தால் இங்கே உரிமம் கிடைத்துவிடும், அதற்கப்புறம் வருஷத்துக்கு எத்தனை வீடு முடித்தார் என்பதுதான் அனுபவம், அதை ஞானத்தகப்பனிடம் யார் கேட்பது? அவருடைய புரோக்கரே விற்பவருக்கும் புரோக்கராக இருந்தால், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் நடுவர் மாதிரி இருக்க டெக்ஸஸ் சட்டம் இடம் தருகிறது. அப்போது அவர் உங்கள் பக்கம் மட்டும் நிற்கிறவர் இல்லை. உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்றால் போங்கள்.

நான்காவது, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் தானே வேலையை முடிக்கக்கூடிய ஏஜென்ட். 2025-ல் நண்பர் இப்படி ஒருவரைப் பிடித்தார். தேடுவது கஷ்டமில்லை. ஹூஸ்டன் ஏஜென்ட்டுகள் சங்கத்தின் எச்ஏஆர் தளத்திலும் ஜில்லோவிலும் மொழியை வைத்துத் தேடலாம். 1999-ல் சான் டியாகோவில் தொடங்கிய நாரெப் என்ற ஹிஸ்பானிக் ரியல் எஸ்டேட் தொழில்காரர்கள் சங்கமும் இருக்கிறது. ஆனால் இந்தத் தளங்களில் மொழி என்ற கட்டத்தில் டிக் போடுவது ஏஜென்ட்டே, பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் ஸ்பானிஷ் படித்தவரும் போடுவார்.

அதனால் நாங்கள் ஒரு சின்னச் சோதனை வைத்தோம். மூன்று பேரைக் கூப்பிட்டு, ஆப்ஷன் பீரியடையும் டைட்டில் இன்ஷூரன்ஸையும் (சொத்துரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டுவது) ஸ்பானிஷிலேயே விளக்கச் சொன்னோம். முதல் ஆள் நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார். இரண்டாமவருக்கு மொழி பிரமாதம், விஷயம் பூஜ்யம். மூன்றாவதாக வந்த பெண்மணி, எதையும் விளக்குவதற்கு முன் 'நீங்கள் எந்த நாடு?' என்று கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் புரிந்தது. முன்பணத்துக்கு மெக்ஸிகோக்காரர் 'எங்காஞ்சே' என்பார், எல் சால்வடார்க்காரர் 'பிரீமா' என்பார், கொலம்பியாவில் 'குவோத்தா இனிசியால்'. இதில் கூத்து என்னவென்றால் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கும் ஸ்பானிஷில் 'பிரீமா'தான். கையில் எத்தனை ஆயிரம் வேண்டும் என்ற கேள்விக்கு இன்ஷூரன்ஸ் தொகையைப் பதிலாக வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிஜமாகவே உண்டு.

அப்புறம் நோத்தாரியோ சமாச்சாரம். மெக்ஸிகோவில் நோத்தாரியோ என்றால் அரசு நியமித்த பெரிய வக்கீல், பத்திரம், வில்லங்கம், வரி எல்லாம் பார்த்துப் பதிவுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இங்கே க்ளோசிங்கில், அதாவது கையெழுத்துப் போட்டு விற்பனையை முடிக்கும் நாளில், மேஜையில் உட்காரும் நோட்டரி உங்கள் அடையாள அட்டையையும் கையெழுத்தையும் சரிபார்ப்பார், அவ்வளவே. இந்தக் குழப்பத்தில் ஏமாந்தவர்கள் அதிகம் என்பதால்தான் டெக்ஸஸில் நோட்டரிகள் 'நோத்தாரியோ பூப்ளிக்கோ' என்று விளம்பரம் செய்யவே தடை இருக்கிறது. வில்லங்கம் பார்ப்பது டைட்டில் கம்பெனி. இதைக் கேட்காமலேயே சொன்ன ஏஜென்ட் அந்தப் பெண்மணி ஒருவர்தான், அங்கேயே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால்? என் கருத்தில் அடுத்த இடம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இல்லை. நல்ல ஆங்கில ஏஜென்ட், கூடவே ஸ்பானிஷ் பேசும் லோன் ஆபீசர், அதற்கும் முன்னால் மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகரிடம் ஒரு நாள். அந்த ஆலோசகருக்கு இதில் கமிஷன் கிடையாது, வாங்காதே என்று சொல்லவும் தயங்கமாட்டார். வாங்குகிறவர் தடுமாறுவது வீட்டைப் பற்றியதைவிடக் கடனைப் பற்றித்தான் அதிகம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐடிஐஎன் என்ற வரி எண்ணை வைத்துக் கடன் தரும் இடங்கள் குறைவு, முன்பணமும் அதிகம் கேட்பார்கள். 2025 மே 25 முதல் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்கு, மத்திய அரசு உத்தரவாதம் தரும் எஃப்எச்ஏ கடனும் பொதுவாகக் கிடையாது. இது தெரியாத ஏஜென்ட் ஸ்பானிஷில் எவ்வளவு இனிமையாகப் பேசி என்ன? வாராவாரம் வீடு காட்டுவார், கடன் மட்டும் வராது.

எந்த வழியில் போனாலும் காகிதம் ஆங்கிலம்தான். கடன் மதிப்பீட்டுப் படிவத்துக்கும் க்ளோசிங் கணக்குப் படிவத்துக்கும் அரசே ஸ்பானிஷ் மாதிரி வைத்திருக்கிறது, கடன் கொடுப்பவரிடம் கேளுங்கள். கடன் விண்ணப்பத்துக்கும் ஸ்பானிஷ் பிரதி உண்டு, படித்துப் பார்க்க மட்டும், கையெழுத்து ஆங்கிலத்தில். சாதாரண விற்பனை ஒப்பந்தத்தை ஸ்பானிஷில் தர வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. விற்பவரிடமே தவணை கட்டி, கடைசித் தவணைக்குப் பிறகு பத்திரம் வாங்கும் முறைக்கு மட்டும் டெக்ஸஸ் சொத்துச் சட்டம் வேறு விதி வைத்திருக்கிறது: பேச்சுவார்த்தை பெரும்பாலும் ஸ்பானிஷில் நடந்திருந்தால், எல்லா ஆவணமும் ஸ்பானிஷில் தர வேண்டும். ஹூஸ்டனுக்கு வடகிழக்கே காலனி ரிட்ஜ் என்ற நில நிறுவனத்தின் மீது 2023 டிசம்பரில் மத்திய நீதித்துறையும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் போட்ட வழக்கு நினைவிருக்கலாம். அதில் ஒரு குற்றச்சாட்டே, விளம்பரம் ஸ்பானிஷில், முக்கியமான ஆவணங்கள் ஆங்கிலத்தில் என்பதுதான்.

கமிஷன் பற்றி ஒரு வார்த்தை. தேசிய ரியல்டர்கள் சங்கம் கமிஷன் வழக்குகளில் 41.8 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்ட சமரசத்தின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல் வீடு காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதில் ஏஜென்ட் கட்டணம் தெளிவாக இருக்க வேண்டும். டேப்லெட்டை நீட்டி 'இங்கே விரலை வையுங்கள்' என்பார்கள். அது எத்தனை மாதத்துக்கு என்று கேட்காமல் வைக்காதீர்கள். நண்பர் ஒரே ஒரு வீட்டைப் பார்க்க மட்டும் என்று எழுதிவாங்கி முதலில் ஆளைச் சோதித்தார், அந்தப் பெண்மணி முகம் சுளிக்கவில்லை. இன்னொன்று: நீங்கள் ஸ்பானிஷ் பேசுகிறீர்கள் என்பதற்காகவே ஸ்பானிஷ் பேசுவோர் அதிகம் வாழும் பாசடீனா, கல்ஃப்டன் என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அது உதவி இல்லை, 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் தடுக்கிற காரியம்.

விற்பவருக்கு இதே மொழி அவ்வளவு தேவையா என்று நானும் நினைத்தேன். விலை வைப்பது, படம் எடுப்பது, ஆட்களை வரவழைப்பது, எதற்கும் ஸ்பானிஷ் வேண்டியதில்லை, அதற்கெல்லாம் நல்ல ஆங்கில ஏஜென்ட் போதும். ஒரே ஒரு படிவம் மட்டும் விதிவிலக்கு: விற்பவர் தன் வீட்டைப் பற்றித் தானே நிரப்ப வேண்டிய வெளிப்படுத்தல் படிவம். கூரை, குழாய், கரையான், முன்பு வெள்ளம் வந்ததா, எல்லாம் அதில் இருக்கும். 2019-ல் வெள்ளக் கேள்விகளை இன்னும் கூட்டிவிட்டார்கள். பின்னால் வழக்கு வந்தால் நிற்கப்போவது விற்றவர். நண்பர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போடப் போனார். ஏஜென்ட் பேனாவைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு வரியாக ஸ்பானிஷில் வாசித்தார். வாசிப்பேன், பதில் நான் சொல்ல மாட்டேன் என்றார். வெள்ளக் கேள்வி வந்ததும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது அவர் அந்த வீட்டில் இல்லை, ஆனால் எதிர்வீட்டுக் கிழவி ஒரு தடவை எதையோ சொன்ன ஞாபகம். படிவத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து அந்தக் கிழவி வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.