‘தலைமைத்துவ டிப்ளோமா’ என்று சொல்லி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். முடிவு வந்த மறுவாரமே ஆட்கள் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வருடம் அந்த மேசையில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் அப்பா. பக்கத்தில் நின்று “போடுங்கப்பா” என்று சொன்னவள் நான்.

தம்பிக்கு இரண்டு பாடத்தில்தான் கிரெடிட் கிடைத்தது. அவனும் அப்பாவைப் போல செம்பனை வெட்டப் போய்விடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து, “தலைமைத்துவம், வேலைத் திறன், வாழ்க்கைத் திறன் மூன்றும் சேர்ந்த டிப்ளோமா. ஒன்பது மாதம், 6,800 வெள்ளி, முடித்ததும் வேலை” என்றார். கிரெடிட் போதாதே என்று கேட்டேன். “நாங்க மார்க்கைப் பார்க்க மாட்டோம் தங்கச்சி, மனசைத்தான் பார்ப்போம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியைப் பற்றி அதுவரை யாரும் அப்படி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்து நேராக டிப்ளோமாவில் சேர குறைந்தது மூன்று கிரெடிட் வேண்டும். குறைவாக இருந்தால் முதலில் சர்டிபிகேட் படித்துவிட்டு மேலே போகலாம். ஒழுங்கான கல்லூரி அந்த வழியைத்தான் காட்டும்.

பணத்துக்கு அப்பாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேம நிதி) சேமிப்பைக் கல்விக்கென்று எடுக்கலாமா என்று கேட்டோம். “அதெல்லாம் இழுக்கும், ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுங்கள்” என்றார்கள். கல்விக்கென்று எடுத்தால் கல்லூரியின் கடிதத்தைக் காட்ட வேண்டும். ஃபிளெக்சிபல் கணக்கில் எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேள்வியே இல்லை. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதில் 4,000 வெள்ளி, அம்மா பிடித்த கூட்டுக் காசில் (சீட்டுப் பணம்) 2,800 வெள்ளி. மொத்தமாகக் கட்டினோம்.

வகுப்பு ஈப்போவில், ஒரு கடைவீட்டின் மாடியில். சுவரில் எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அரசாங்க முத்திரையைப் பார்த்து அப்பா நிம்மதியானார். எஸ்.எஸ்.எம். பதிவு என்பது வியாபாரம் நடத்துவதற்கான பதிவு, அவ்வளவுதான். முடிவெட்டும் கடைக்கும் அது உண்டு. படிப்புக்கு அங்கீகாரம் கொடுப்பது எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமை.

முதல் மாதம் தன்முனைப்பு முகாம். கை தட்டச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள், கண்ணை மூடி அம்மாவை நினைத்து அழச் சொன்னார்கள். தம்பி உற்சாகமாகத்தான் வந்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், கூச்சப்படும் பிள்ளை நாலு பேர் முன்னால் பேசினான். இரண்டாம் மாதம் அதே பாடம் மறுபடியும். மூன்றாம் மாதம் ‘களப் பயிற்சி’ என்றார்கள். ஒவ்வொரு மாணவனும் மூன்று புது மாணவர்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் ‘டீம் லீடர்’. சேர்க்காதவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, “உன்னிடம் தலைமைத்துவம் இல்லை” என்றார்கள்.

எங்களுக்குப் போன 6,800 வெள்ளியைவிட எனக்கு வலிப்பது இதுதான். பதினெட்டு வயதுப் பையன் அந்த அவமானத்துக்குப் பயந்து, எங்கள் லயத்திலேயே கூட வளர்ந்த நண்பனை அழைத்துப் போய்ச் சேர்த்தான். அந்தப் பையனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மா தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். தலைமைத்துவம் என்ற பெயரில் என் தம்பிக்கு அவர்கள் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

ஆறாம் மாதம் வகுப்பை நிறுத்தி, ஆளுக்கொரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வேறொரு கல்லூரியில் மேலே படிக்கலாமா என்று கேட்கப் போனோம். முகப்பில் இருந்த பெண், எம்.கியூ.ஏ. அங்கீகரித்த படிப்புகள் இருக்கும் எம்.கியூ.ஆர். பதிவேட்டைத் திறந்து தட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கல்லூரிப் பெயரும் இல்லை, படிப்பின் பெயரும் இல்லை.

அந்தப் பதிவேடு இணையத்தில் இலவசம். கல்லூரிப் பெயரோடு நிறுத்தாமல், பிள்ளை சேரப்போகும் படிப்பின் முழுப் பெயரையும் தேடுங்கள். முழு அங்கீகாரம் என்றால் எம்.கியூ.ஏ./எஃப்.ஏ. என்று எண் இருக்கும், தற்காலிக அங்கீகாரம் என்றால் எம்.கியூ.ஏ./பி.ஏ. “விண்ணப்பம் போட்டிருக்கிறோம், வந்துவிடும்” என்ற பேச்சை நம்பாதீர்கள். எச்.ஆர்.டி. கோர்ப் (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) பதிவைக் காட்டினாலும் அது முதலாளிகள் தங்கள் ஊழியர்களை அனுப்பும் பயிற்சிக்கானது, டிப்ளோமாவுக்கு இல்லை.

சரி, பிள்ளைக்குப் பேச்சும் பொறுப்பும் வர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் அதற்குத் தனியாக ஆறாயிரம் ஏழாயிரம் கொட்ட வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா எதில் சேர்ந்தாலும் எம்.பி.யு. எனும் பொதுப் பாடங்கள் கட்டாயம். மனிதத் திறன்களும் சமூகச் சேவையும் அதற்குள்ளேயே வருகின்றன.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நாங்கள் ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் அச்சடித்து, பாரம் 1 எனும் மனுப் படிவத்துடன் இணைத்தோம். விசாரணைக்கு அவர்கள் வரவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம். 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றம், ஆனால் இதுவரை எங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. அந்தக் கடைவீடு பூட்டியிருக்கிறது. தீர்ப்பை மதிக்கவில்லை என்று மறுபடியும் புகார் கொடுத்திருக்கிறோம்.

தம்பி இப்போது ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே மின்கம்பி வேலைக்கான எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். சம்பளத்தில் மாதம் 100 வெள்ளியை, சங்கிலியை அடகு வைத்த அந்த நண்பனின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். முதல் மாதம் அவர் வாங்க மறுத்தார். அவர் மகனின் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. சாட்சி சொல்ல என் தம்பி போகிறான். அதே மாடியில் படித்த வேறு பிள்ளைகள் இருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பாரத்தை நானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கிறேன்.