100 ரூபாய் ஸ்டார் நோட்டு வாங்குறீங்களா? கவரைப் பிரிச்சுப் பாருங்க

மதுரையில் நோட்டு சேகரிக்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில், இளம் ஊதா நிற 100 ரூபாய் ஸ்டார் நோட்டு (எண்ணோடு நட்சத்திரக் குறி அச்சான நோட்டு) ஒன்றை ஒரு கடைக்காரர் எனக்கு 1,800 ரூபாய்க்கு விற்றார். அது சாதாரண நோட்டு. நட்சத்திரம் பிறகு பதித்தது.

அவர் பேசிய பேச்சை அப்படியே சொல்கிறேன், உங்களிடமும் இதையே பேசுவார். "ரிசர்வ் வங்கி கவர்னர் மாறிட்டாருண்ணே. சக்திகாந்த தாஸ் கையெழுத்துல ஸ்டார் இனிமே வராது. அடுத்த சித்திரைக்குள்ள விலை டபுளாயிரும்." 2024 டிசம்பரில் சஞ்சய் மல்ஹோத்ரா கவர்னரானதும், 2025-ல் அவர் கையெழுத்தோடு நோட்டுகள் வரத் தொடங்கியதும் உண்மைதான். ஆனால் வடிவம் பழையபடியேதான் இருக்கிறது, முந்தைய நோட்டுகளும் செல்லும். தாஸ் கையெழுத்து நோட்டு நம் எல்லார் பையிலும் கிடக்கிறது. அதை அரிய சரக்கு என்று சொல்லி அவசரப்படுத்துவது அநியாயம்.

கவரைப் பிரிக்கவும் விடவில்லை. "கை பட்டா யு.என்.சி. போயிரும்ணே" என்றார். யு.என்.சி. என்றால் புழக்கத்துக்கே வராத புது நோட்டு. வீட்டில் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்ததும் எல்லாம் வெளிச்சம்.

அச்சகத்தில் பழுதான நோட்டுக்குப் பதிலாக நோட்டுக் கட்டுக்குள் சேர்ப்பதுதான் ஸ்டார் நோட்டு. முதலில் 10, 20, 50 ரூபாயில் 2006-ல் ஆரம்பித்தது. முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே, இரண்டு எண் பட்டியிலும் ஒரே மாதிரி நட்சத்திரம் இருக்கும். என் நோட்டில் மேலே இருந்த நட்சத்திரம் முதல் இலக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே இருப்பது சாய்ந்திருக்கிறது. எண்களின் ஓரம் கத்தி போல் இருக்க, நட்சத்திரத்தின் மை மட்டும் காகித நாரோடு ஊறிப் பரவியிருக்கிறது. என்னிடம் வங்கிக் கட்டில் கிடைத்த அசல் ஸ்டார் நோட்டு உண்டு. பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூட வித்தியாசம் சொல்லும்.

யு.என்.சி. என்பதும் பொய். இந்த 100-ல் இரு ஓரத்திலும் நான்கு சாய்வுக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக இருக்கும், காந்தி படமும் அப்படித்தான். இதில் இரண்டுமே வழவழப்பு. கழுவி இஸ்திரி போட்ட நோட்டு! வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் பழைய மடிப்பு தெரிகிறது.

போனில் கேட்டதற்கு, "நோட்டு கடையில செல்லும்ல, அப்புறம் என்ன ஏமாத்துனேன்?" என்றார். பில் கேட்டபோது தந்த துண்டுச் சீட்டில் "பழைய நோட்டு 1" என்று மட்டும் இருக்கிறது. எனவே வாங்குபவர்கள் முன்னெழுத்து, எண், ஸ்டார், கையெழுத்து, அச்சான வருடம் எல்லாம் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

அந்தக் கண்காட்சியில் ஸ்டார் நோட்டு வாங்கிய மற்றவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள். இதே கோளாறு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போய் ஏற்பாட்டாளர்களிடம் எழுத்துமூலம் புகார் கொடுப்போம்.