பிரோஷர் படமும் கட்டி முடித்த எலிவேஷனும்: கண்ணாடி, தகடு, செங்கல்

கட்டி முடித்த அடுக்குமாடி விளம்பரப் படத்தைப் போலவே இருக்குமா என்பது, பில்டரின் நாணயத்தைவிட வெளிச்சுவர் எதனால் ஆனது என்பதைத்தான் பொறுத்தது.

அதிகம் ஏமாற்றுவது கண்ணாடி. அதிலும் இரண்டு வகை. கர்ட்டன் வால் என்ற கண்ணாடிச் சுவர் ஸ்லாப்புக்கு (மாடியின் கான்கிரீட் தளத்துக்கு) வெளியே தொங்குவதால் மேலிருந்து கீழ்வரை ஒரே பரப்பாகத் தெரியும், விலையும் கூட. விண்டோ வால் கீழ் ஸ்லாப்புக்கும் மேல் ஸ்லாப்புக்கும் நடுவே உட்காரும். ஸ்லாப் விளிம்பை மறைக்க ஒவ்வொரு மாடியிலும் ஒரு பட்டை வரும். படத்தில் வழுவழுவென்று இருந்தது கட்டிய பிறகு கோடு போட்ட சட்டை மாதிரி ஆவது இதனால்தான். படம் கர்ட்டன் வால் போலவும் ஒப்பந்தம் விண்டோ வாலாகவும் இருந்தால் ஏமாற்றம் உறுதி.

கர்ட்டன் வாலிலும் ஸ்லாப்பை மறைக்கும் இடத்தில் ஒளி ஊடுருவாத ஸ்பான்ட்ரல் கண்ணாடிதான் வைப்பார்கள். படத்தில் இரண்டும் ஒரே நிறம். மேகமூட்டமான நாளில் நேரில் பாருங்கள், பட்டை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். தவிர, படத்தில் பெரும்பாலும் அந்தி நேரம்தான், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் அதே கண்ணாடி வானத்தைத்தான் காட்டும், உள்ளே எதுவும் தெரியாது. வெப்பத்தைத் தடுக்கும் லோ-இ பூச்சு லேசான சாயலையும் சேர்க்கும். வீட்டுக்கு ஒரு நிறத்தில் திரைச்சீலை வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அலுமினியத் தகடு நடுத்தரம். மெல்லிய ஒற்றைத் தகடு சாய்வெயிலில் அலை அலையாகத் தெரியும். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வேறொரு பொருளை உள்ளீடாக வைத்து ஒட்டிய காம்போசிட் தகடு தட்டையாக நிற்கும். ஆனால் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட காம்போசிட் எரியும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ வெளிச்சுவர் வழியாக மேலேறியதற்கு அதுவே முக்கியக் காரணம். அதனால் வேலை நடுவில் தகடு மாறினால் கோபப்படுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

படத்துக்கு மிக அருகில் வருவது செங்கல்தான். ஆனால் கையால் அடுக்கிய செங்கலா, ப்ரீகாஸ்ட் பலகையில் (முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகையில்) பதித்த மெல்லிய செங்கலா என்று பார்க்க வேண்டும். பலகை என்றால் இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை இணைப்பு வரும். அது கல் வரிசையை நேர்க்கோட்டில் வெட்டும். இன்னொன்று ஜன்னல் ஆழம். படத்தில் ஜன்னல் சுவருக்குள் நன்றாக உள்வாங்கி நிழல் விழும். கட்டும்போது செலவைக் குறைக்க வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுவார்கள், சுவர் அட்டை போலத் தட்டையாகிவிடும். கட்டிய புதிதில் உப்பு பூத்து வெள்ளைத் திட்டு வருவதும் உண்டு. பெரும்பாலும் நாளடைவில் மங்கிவிடும்.

மூன்றுக்கும் பொதுவான சில பொய்கள்: மொட்டை மாடி இயந்திர அறை படத்தில் இருக்காது, காற்றுப்போக்கி லூவர்களும் இருக்காது. சட்டமில்லாத பால்கனிக் கண்ணாடி, கட்டும்போது கம்பமும் கைப்பிடியும் வைத்ததாக மாறும். பார்க்கிங் கூரைமேல் பெரிய மரம் நிற்க ஏறக்குறைய 1 மீட்டர் மண்ணும் அந்த ஈர மண்ணின் எடையைத் தாங்கும் ஸ்லாப்பும் வேண்டும், 30 செ.மீ.தான் என்றால் புல்லும் செடியும்தான்.

முன்பணம் கட்டும் முன் எலிவேஷன் வரைபடத்தோடு 1:20 அளவில் சுவர்வெட்டுப் படத்தையும் (சுவரை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடம்) கேளுங்கள். ஸ்லாப் விளிம்பு, ஜன்னல் ஆழம், மண் ஆழம் எல்லாம் அதில் தெரியும். ஒப்பந்தத்தின் பொருள் பட்டியலில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் படம் மாறலாம்.