சொகுசு வேகன் வாங்கும்போது டிக்கியிலிருந்து தொடங்குங்கள்

சொகுசு பிராண்டுகளில் ஆரம்ப நிலை ஸ்டேஷன் வேகன் (கூரை பின்முனைவரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் கார்) தேடினால் நான்கு பெயர்கள் முன்னால் வரும்: பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் டூரிங், மெர்சிடிஸ் சி-கிளாஸ் எஸ்டேட், ஆடி ஏ4 அவான்ட், வோல்வோ வி60. பலரும் குதிரைத்திறனை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே இன்ஜின் செடானிலும் கிடைக்கிறதே! வேகனுக்கென்று கூடுதல் பணம் கொடுப்பது காரின் பின்பாதிக்காக. அதைத்தான் முதலில் அலச வேண்டும்.

டிக்கி அளவில் வோல்வோ 529 லிட்டர், பிஎம்டபிள்யூ 500, ஆடி ஏ4 495, மெர்சிடிஸ் 490. முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு முதுகுப்பை வித்தியாசம், அவ்வளவுதான். அதனால் எவ்வளவு கொள்ளும் என்பதைவிட எப்படித் திறக்கிறது என்று பார்க்கிறேன். டூரிங்கின் பின்கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும். பின்னால் சுவர் நெருக்கமாக இருந்தாலும் பையை மேலிருந்தே போட்டுவிடலாம். மேல்வரை அடுக்கிய சாமான் சரிந்து விழாது. தினமும் கைகொடுக்கும் வசதி இது. முதல் 3 சீரிஸ் டூரிங் 1987இல் வெளியானது. அதன் கரு, மேக்ஸ் ரைஸ்போக் என்ற பிஎம்டபிள்யூ பொறியாளர் குடும்பத்தோடு விடுமுறை செல்ல இடம் போதாமல், நண்பரின் பட்டறையில் ஒரு செடானை வெட்டி உருவாக்கிய கார். ஓட்டுவதிலும் நால்வரில் இதுதான் எனக்குப் பிடித்தது. பின்சக்கர இயக்கம் ஸ்டீயரிங்கை இலகுவாக விட்டுவிடுகிறது.

வி60இன் இருக்கைகள் நீண்ட பயணத்தில் முதுகைக் காக்கும். 2020 முதல் வோல்வோ கார்களின் உச்ச வேகம் மணிக்கு 180 கி.மீ. தான். குடும்பக் காருக்கு இது குறையே இல்லை.

ஆடியைப் புதிதாகத் தேடுபவர் ஏ5 அவான்ட் என்று கேட்க வேண்டும்; 2024இல் பெயர் மாறிவிட்டது. குவாட்ரோ, அதாவது ஆடியின் நான்கு சக்கர இயக்கம், இருந்தால் வழுக்கும் சாலையில் நிம்மதி.

பிளக்-இன் ஹைப்ரிட் (இன்ஜினோடு, வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ள கார்) என்றால் கணக்கே மாறுகிறது. மெர்சிடிஸ் சி 300 இ-யில் 25.4 கிலோவாட்-மணி பேட்டரி. சார்ஜில் மட்டும் ஏறத்தாழ 100 கி.மீ. ஓடும் என்கிறது அதிகாரபூர்வக் கணக்கு. தினசரி வேலைக்குப் பெட்ரோலே தேவைப்படாது. ஆனால் டிக்கி 360 லிட்டராகச் சுருங்கிவிடும். வேகன் வாங்கியவருக்கு அது பெரிய இழப்பு. பிஎம்டபிள்யூ 330இ டூரிங்கில் 410. வோல்வோவோ பேட்டரியைக் காரின் நடுவில் நீளவாக்கில் ஓடும் மேட்டுக்குள் வைத்துவிட்டது. பின்னிருக்கையில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்கச் சிரமம்தான், ஆனாலும் பேட்டரிக்காக டிக்கியைப் பெரிதாக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பெட்ரோலோ டீசலோ போதும் என்பவருக்கு டூரிங்கைச் சொல்வேன். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் வி60.