லெந்து நாட்களில் ஆறு வெள்ளிக்கிழமை: முதுநகர் வேத வகுப்புக்குப் போகலாமா?

கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்துத் தெரு சபையில் இந்த லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வெள்ளிக்கிழமைதோறும் மாலை வேத வகுப்பு நடந்தது. பழைய ஏற்பாட்டுக் கதைகளில் இரட்சிப்பின் நிழல், அதாவது பின்னால் இயேசுவால் வந்த மீட்புக்கு முன்னடையாளம், எங்கெல்லாம் விழுகிறது என்பதுதான் பொருள். ஆறு வாரம், ஆளுக்கு 200 ரூபாய். நோட்ஸ், டீ, சுண்டல் எல்லாம் அதில் அடக்கம். மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருஷமும் உண்டாம். சேரலாமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் பெயிண்ட் கடைக்காரன். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சு. மனைவி இழுத்துக்கொண்டு போகாவிட்டால் போயிருக்க மாட்டேன். முதல் நாள் பாதியில் எழுந்து வந்துவிடலாம் என்று செருப்பைக்கூட வாசலோரமாகவே விட்டிருந்தேன்.

அன்றைக்கு நோவா பேழை. பாடம் எடுத்தவர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். எடுத்த எடுப்பிலேயே வெள்ளத்துக்குப் போகாமல், ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு சொல்லில் நின்றார். பேழையை "உள்ளும் புறம்பும் கீல் பூசு" என்று வருகிறதே, அந்தக் கீல், தார் மாதிரியான பூச்சு. "இதைப் பற்றித் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். என் மனைவி என் விலாவில் இடித்தாள்.

எங்கள் அப்பா உப்பனாற்றங்கரையில் மரப்படகுகளுக்குக் கலப்பத்து வேலை பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாகத் தட்டித் தட்டி இறக்குவார். ஒரு சாண் தூரம் போக வெகுநேரம் ஆகும். அப்புறம் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைச் சுடச்சுட மேலே இழுப்பார். இரண்டு நாளானாலும் அவர் கையில் அந்த வாசம் போகாது, சோறு பிசைகிற கையிலும் அதுதான். "ஊசி போற சந்து போதும்டா தண்ணிக்கு" என்பார். இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். அப்பா வெளிப்பக்கம்தான் பூசுவார், உள்ளேயும் பூசச் சொன்னது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை என்றும் சொன்னேன்.

வாத்தியார் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. எபிரெயத்தில் அந்தக் கீலுக்குச் சொல் 'கோஃபெர்' என்றார். அதே எழுத்து, அதே ஒலியுள்ள சொல் யாத்திராகமம் 30-இல் உயிருக்கு ஈடாகச் செலுத்துகிற மீட்கும் பொருளுக்கும் வருகிறதாம். ஒருவனுடைய உயிருக்காகக் கொடுக்கிற விலையும், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற பூச்சும் ஒரே ஓசையில். "ஆனால் ஓசை ஒத்துப்போவதை மட்டும் நம்பி வீடு கட்டிவிடாதீர்கள்" என்று உடனே எச்சரித்தார். பேழையில் எட்டுப் பேர் காக்கப்பட்டதை ஞானஸ்நானத்தோடு சேர்த்துச் சொல்கிறவர் பேதுருவே, அவருடைய முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: நோவாவின் பேழைக்கு எபிரெயத்தில் 'தேவா' (tevah), குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட பெட்டிக்கும் அதே 'தேவா'. வேதத்தில் இந்த இரண்டு கதைகளைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல் கிடையாது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒன்று பேழை, மற்றது நாணற்பெட்டி என்று இருப்பதால் இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியவில்லை. அன்றைக்கு நான்தான் கடைசியாகச் செருப்பு மாட்டினேன்.

இரண்டாவது வாரம் ஈசாக்கு, ஆபிரகாம் பலியிடக் கூட்டிக்கொண்டு போன மகன். தகப்பன் விறகுக் கட்டையை எடுத்துப் பிள்ளையின் தோளில் வைக்கிறான், பிள்ளை சுமந்துகொண்டு மலைக்குப் போகிறான். சிலுவை சுமந்தவரை இதில் பார்ப்பது ஆதிகாலத்துச் சபையிலேயே உண்டாம். "தேவன் தமக்குத் தகனபலிக்கு ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்" என்கிறான் ஆபிரகாம். ஆனால் புதரில் கொம்பு மாட்டிக்கொண்டு கிடந்தது ஆட்டுக்கடா. முன்வரிசையில் ஆடு வளர்க்கிற ஒருவர் இருந்தார், அவர் விடவில்லை: "சார், குட்டி வேற, கடா வேற." வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியானால் குட்டி எங்கே போனது?" என்று கேட்டுவிட்டு, யோவான் ஸ்நானன் இயேசுவைக் காட்டி "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று சொல்கிற இடத்தை எடுத்து வாசித்தார். மோரியா என்ற பெயர் மறுபடி 2 நாளாகமம் 3-இல், சாலொமோன் ஆலயம் கட்டிய மலையாக வருவதையும் காட்டினார்.

ஆறிலும் உச்சம் மூன்றாவது வாரம்தான், பஸ்கா: இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவின் ஆட்டுக்குட்டிப் பலி. ஆட்டுக்குட்டியைப் பத்தாம் தேதியே தெரிந்தெடுத்து, பதினாலாம் தேதி சாயங்காலம்வரை வைத்திருந்து அடிக்க வேண்டும் என்று யாத்திராகமம் 12 சொல்கிறது. இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மா, "நாலு நாள் வீட்டோட வச்சிருந்தா பிள்ளைங்க அதுக்குப் பேர் வச்சிருமேப்பா" என்றார். சுண்டல் தட்டு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு வாத்தியார் சொன்னதெல்லாம் வேறு மாதிரி காதில் விழுந்தது: நிலைக்கால் இரண்டிலும் மேற்சட்டத்திலும் இரத்தம் தெளித்தது ஈசோப்பு என்கிற செடியின் கொத்தால், சிலுவையில் தாகம் என்றவருக்குக் காடியில் தோய்த்த கடற்காளானை நீட்டியதும் ஈசோப்பில். ஆட்டின் எலும்பு ஒன்றையும் முறிக்கக் கூடாது. மற்ற இரண்டு பேரின் காலை முறித்த சேவகர் இயேசுவின் காலை முறிக்கவில்லை. சுவிசேஷம் எழுதிய யோவான் வேண்டுமென்றே இவற்றை எடுத்து வைக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நாலாவது வாரம் வெண்கல சர்ப்பம், பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க மோசே கம்பத்தில் தூக்கி வைத்தது. மின்சாரம் போய்விட்டது, பாதிதான் நடந்தது. பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான் என்பது மட்டும் மனதில் நிற்கிறது.

ஐந்தாவது வாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். எரிகோவில் வேவுகாரரை ஒளித்துக் காப்பாற்றிய ராகாப், தன் வீடு தப்புவதற்கு அடையாளமாக ஜன்னலில் கட்டிய சிவப்பு நூலில் ஆரம்பித்தார். சரி, அதில் இயேசுவின் இரத்தத்தைப் பார்ப்பது முதல் நூற்றாண்டு முடிவில் எழுதிய ரோமாபுரி கிளமெந்து காலத்திலேயே உண்டாம். அதோடு விட்டிருக்கலாம். தீட்டுக் கழிக்கிற சாம்பலுக்காக எரிக்கிற சிவப்புக் கிடாரிக்குப் போனார், அதுவும் சரி. கடைசியில் ஈசாக்கின் மூத்த மகன் ஏசா பசியில் ஆசைப்பட்ட சிவப்பான கூழிலும் சிலுவையைக் கண்டுபிடித்தார். நான் நாள் முழுக்க ஷேடு கார்டு பார்க்கிறவன். சிவப்பில் எத்தனை சிவப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறம் ஒன்றாக இருப்பதாலேயே கதை ஒன்றாகிவிடாது. எல்லாமே அடையாளம் என்று சொல்லிவிட்டால், நாலு நாள் வீட்டில் வளர்ந்த அந்தக் குட்டிக்கு என்ன மதிப்பு?

கடைசி வாரம் யோனா. எபிரெயத்தில் இருப்பது "பெரிய மீன்"தான், திமிங்கலம் என்று எங்கும் இல்லை என்றதும் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர், எந்த மீனாக இருக்கும் என்று ஒரு பட்டியலே போட்டார். யோனா மீன் வயிற்றில் இருந்த மூன்று நாள் கணக்கை இயேசுவே மத்தேயு 12-இல் தமக்குப் பொருத்திச் சொல்கிறார், அதில் தகராறு இல்லை. அப்போது ஒரு காலேஜ் பையன் எழுந்து, "யூதர்களும் இதே புத்தகத்தைத்தானே படிக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் இது தெரியவில்லை?" என்று கேட்டான். யாராவது அவனை உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். வாத்தியார் பொறுமையாகச் சொன்னார்: ஈசாக்கின் கதையை அவர்கள் தங்கள் புத்தாண்டில் வாசிக்கிறார்கள், ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுகிறார்கள், யோனாவைப் பாவநிவாரண நாளில் வாசிக்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் கதைகள் அப்படியே முழுசானவை, பாதியில் நிற்பவை அல்ல. பவுல் கொலோசெயர் நிருபத்தில் பழைய முறைமைகளை 'நிழல்' என்று சொன்னது, ஆளைக் கண்ட பிறகு, அதாவது கிறிஸ்துவை அறிந்த பிறகு. எம்மாவூருக்கு நடந்துபோன இரண்டு சீஷருக்கும் வேதவாக்கியங்கள் திறந்தது இயேசு உயிர்த்தெழுந்த நாளில்தான், அதற்கு முந்தின நாள் இல்லை. "நாம் பின்னாலிருந்து முன்னால் வாசிக்கிறவர்கள் தம்பி" என்றார். பையன் தலையாட்டினான், ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

குறைகள்: நோட்ஸ் ஜெராக்ஸ் படுமோசம். என் பிரதியில் எண்ணாகமம் பக்கம் தலைகீழாக இருந்தது, பக்கத்தில் இருந்தவருடையதில் அந்தப் பக்கமே இல்லை. மைக் கொய்ங் என்று கத்தும், அதனால் இடதுபக்கம் உட்கார வேண்டாம். மின்விசிறி நாலில் இரண்டுதான் ஓடும். ஆறரைக்கு என்றால் ஏழுக்குத்தான் ஆரம்பம். வீட்டில் ஒத்துவாக்கியங்கள் (ஒரே விஷயம் வருகிற மற்ற வசனங்களின் குறிப்பு) போட்ட பைபிள் இருந்தால் அதைக் கொண்டுபோங்கள், நோட்ஸை நம்ப வேண்டாம். டீ நன்றாக இருந்தது.

அடுத்த வருஷம் லேவியராகமமாம். அதே வாத்தியார் எடுத்தால் 200 ரூபாய்க்குத் தாராளமாகப் போகலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு தலையணையும் எடுத்துப்போகப் போகிறேன்.